அழகர்சாமி கோத்த சக்கரம்

சியாங் ராய், தாய்லாந்து
4.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

யாழினி வணக்கத்துடன் எழுதுவது. நானும் செல்லக்கிளியும் சுகமாக வந்து சேர்ந்தோம். உங்கள் பிரஷரும் அம்மாவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன?

"துண்டு துண்டா மெசேஜ் அனுப்பாதே, பேப்பர்ல எழுதி போட்டோ புடிச்சு அனுப்பு" என்று ஏர்போர்ட்டில் சத்தம் போட்டீர்களே, திருச்சி ஏர்போர்ட்டே திரும்பிப் பார்த்தது. சரி, எழுதுகிறேன். துவாக்குடிப் பட்டறையில் முப்பது வருஷம் தகடு அடித்துக் காதைத் தொலைத்துவிட்ட மனிதரிடம் போனில் கத்துவதைவிட எனக்கும் இதுதான் சுலபம். நீங்கள் எழுதுவதை அம்மா போட்டோ எடுத்து அனுப்பட்டும். கை ஆடாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

இங்கே சோறு கிடைக்கிறது, ரசம் கிடைக்கவில்லை. செல்லி பருப்புப்பொடி டப்பா கொண்டுவந்திருக்கிறாள். அதை அவள் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள், சாவி என்னிடம் இருக்கிறது.

சைக்கிள் போட்டி பதினாறாம் தேதி ஆரம்பம். ஆறு நாள். தினமும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. ஆறு நாள் நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். எங்கள் பயிற்சியாளர் அறிவுமதி மேடம் இன்று ஒன்று சொன்னார். நம் குழுவில் யாருக்கு மொத்த நேரம் குறைவோ அவளை இத்தாலியில் ஒரு குழு மூன்று மாதம் சேர்த்துக்கொள்ளுமாம். ஒரே ஓர் இடம். போட்டி எனக்கும் செல்லிக்கும்தான் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். மேடம் சொன்னபோது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

உங்கள் அன்பு மகள்,
யாழினி


எடமலைப்பட்டி புதூர்
8.2.2025

அருமை மகள் யாழினிக்கு,

அப்பா பூவரசன் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். அம்மா இதை அடித்துவிட்டு "பொய்" என்று எழுதச் சொல்கிறாள்.

நேற்று ஸ்ரீரங்கம் போனேன். அழகர்சாமியின் சைக்கிள் கடையில் டீ. உலகத்தில் எனக்காக நிதானமாக வாயசைப்பவன் செல்லியின் அப்பன் ஒருவன்தான். எனக்குப் புரியாவிட்டால் சாக்பீஸை எடுத்துத் தரையில் எழுதிவிடுவான். நேற்று எழுதியது: "புள்ளைங்க நல்லா சாப்பிடுதுங்களா?" உன் கடிதத்தைக் காட்டினேன். பருப்புப்பொடிச் சாவி விஷயத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தான்.

செல்லிக்கு அவன் சக்கரம் கோத்த கதை உனக்குத் தெரியாதது இல்லை. குழு கொடுத்த வீல் வேண்டாம், எங்க அப்பா கோத்ததுதான் வேணும் என்று அந்தப் பெண் ஒரே அடம். அவனும் கீழ அடையவளஞ்சான் வீதியில் கடையைப் பாதி சாத்திவைத்துக்கொண்டு பத்து நாள் ஒவ்வொரு கம்பியாக முறுக்கி, சுற்றிப் பார்த்து, கோட்டம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மயிரிழை ஆட்டம் கிடையாது.

ஜீயபுரம் ரோட்டில் நீங்கள் இரண்டு பேரும் போவதை நான் மொபெட்டில் பின்னால் வந்து பார்த்திருக்கிறேன். முன்னால் போகிறவள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கை காட்டுவாள், டிராபிக் போலீஸ் தோற்றுப்போவான். அங்கேயும் அப்படியே ஒற்றுமையாக ஓட்டுங்கள்.

அப்பா


சியாங் ராய்
19.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். கால்தான் என்னுடையது மாதிரி இல்லை. நீங்களும் அம்மாவும் நலம் என்று நம்புகிறேன்.

நான்கு நாள் முடிந்தது. இன்று மலை. வாந்தி எடுத்துக்கொண்டே ஏறினேன். செல்லி எனக்குப் பதினோரு செகண்ட் முன்னால் இருக்கிறாள். நான்கு நாளில், நானூறு சொச்சம் கிலோமீட்டரில், பதினோரு செகண்ட். உங்களுக்குத் தும்மல் வந்தால் அதைவிட அதிக நேரம் ஆகும்.

இன்று சாப்பிடும்போது அவள் தன் தட்டிலிருந்த முட்டையை எனக்கு வைத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

யாழினி


எடமலைப்பட்டி புதூர்
20.2.2025, காலை

என் சிங்கத்துக்கு,

அப்பா ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள்.

பதினோரு செகண்ட் எல்லாம் ஒரு கணக்கா? அழகர்சாமியிடம் சொன்னேன். "யார் போனாலும் நம்ம புள்ளைதானே" என்று தரையில் எழுதினான். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அந்த இடம் நம் வீட்டுக்கே வரட்டும். இன்றைக்கு விடாதே.

அப்பா


சியாங் ராய்
22.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம்.

போட்டி நேற்று முடிந்தது. இத்தாலி இடம் எனக்குக் கிடைத்துவிட்டது.

செல்லி ஐந்தாம் நாள் விழுந்துவிட்டாள். தோளுக்கு முன்னால் இருக்கும் எலும்பு உடைந்திருக்கிறது. ஆபரேஷன் வேண்டுமாம், ஊரில் செய்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பயப்படும்படி எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவில்லை.

எப்படி விழுந்தாள் என்று கேட்பீர்கள். முன் சக்கரம் மடங்கிவிட்டது. கம்பி முன்பே விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். கையால் கோத்த சக்கரம்தானே. மேடம் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னேன். அழகர் மாமாவிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம்.

நாளை மறுநாள் செல்லி ஊருக்கு வருகிறாள். நான் அதற்கு முன்பே இத்தாலிக்குக் கிளம்பிவிடுகிறேன்.

யாழினி


எடமலைப்பட்டி புதூர்
27.2.2025

வெற்றித் திருமகளுக்கு,

அப்பா அம்மா ஆசீர்வாதம். இந்த வாரம் பிரஷர் பார்க்கவே இல்லை, சந்தோஷத்தில் ஏறியிருந்தால் ஏறட்டும்.

பஸ் ஸ்டாப்பில் உனக்கு ஃபிளெக்ஸ் வைத்தாயிற்று. பன்னிரண்டடி. "இத்தாலி செல்லும் எங்கள் இரும்பு மங்கை." வாசகம் என்னுடையது. அம்மா அந்தப் பக்கமாகவே காய்கறிக் கடைக்குப் போகிறாள், பழைய கடையை விட்டுவிட்டாள்.

ஒரு விஷயம். நீ சொல்ல வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தாய். ஆனால் அழகர்சாமி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "எப்படி விழுந்துச்சு, எப்படி விழுந்துச்சு" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நண்பனிடம் எப்படி மறைப்பது? காதோடு காதாகத்தான் சொன்னேன், "ஒன் சக்கரம் மடங்கிடுச்சாம்டா, கம்பி விட்டுப் போயிருக்காம்" என்று. நிமிர்ந்து பார்த்தால் எதிர் ஆட்டோ ஸ்டாண்டில் சேக் மைதீன் பாய் உட்பட எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். என் குரல் எவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரிகிறதா என்ன?

அழகர்சாமி சாக்பீஸை மேஜை டிராயரில் போட்டு மூடினான்.

அப்பா


பெர்கமோ, இத்தாலி
18.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நலம். குளிர்தான் தாங்கவில்லை, உள்ளே இரண்டு சட்டை போட்டுக்கொள்கிறேன். உங்கள் பிரஷரை உடனே பாருங்கள்.

இங்கே எட்டுப் பேர் ஒரு வீட்டில் இருக்கிறோம். தினமும் மாவில் செய்த ஏதோ ஒன்று. பாட்டில் தூக்கிக் கொடுப்பதும் மற்றவளுக்காகக் காற்றை வாங்கிக்கொண்டு முன்னால் ஓட்டுவதும்தான் என் வேலை. ஒன்றும் பெரிய வெற்றி இல்லை. ஃபிளெக்ஸை எடுத்துவிடச் சொல்லுங்கள். வெயிலில் கிழிந்து தொங்கினால் அசிங்கமாக இருக்கும்.

அழகர் மாமா என்ன சொன்னார்? செல்லி வந்துவிட்டாளா?

யாழினி


எடமலைப்பட்டி புதூர்
30.3.2025

அன்பு மகள் யாழினிக்கு,

ஆசீர்வாதம். நூற்றைம்பதுக்கு நூறு இருக்கிறது பிரஷர். உப்பை நிறுத்தியாயிற்று.

செல்லிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கையைத் தூளியில் கட்டியிருக்கிறார்கள். நீ அவளோடு தினமும் பேசிக்கொண்டுதான் இருப்பாய், நான் என்ன புதிதாகச் சொல்லப்போகிறேன். அவளிடம் கேட்டேன், "சக்கரம் எப்படிம்மா மடங்குச்சு?" என் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள், "அப்பா சக்கரம் நல்லாதான் இருந்துச்சு." பெற்றவனை விட்டுக்கொடுக்காத பெண். எனக்கே கண் கலங்கியது.

அழகர்சாமிதான் சரியாக இல்லை. பஞ்சர் ஒட்டுகிறான், காற்றடிக்கிறான், அவ்வளவுதான். யாராவது வீலைக் கொண்டுவந்தால் எதிர்க் கடையைக் கை காட்டிவிடுகிறான். ஒருநாள் அவனை உலுக்கிக் கேட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சாக்பீஸை எடுத்து எழுதினான்: "எம் புள்ளையவே என் கை தள்ளிவிட்டுடுச்சு." காலாலேயே அதை அழித்தான். அவனுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ ஒரு வரி எழுதினால் தேவலை.

ஃபிளெக்ஸ் இருக்கட்டும்.

அப்பா


எடமலைப்பட்டி புதூர்
25.4.2025

யாழினிக்கு,

அப்பா எழுதுவது. உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. "நல்லா இருக்கேன்" என்று அம்மாவுக்கு மெசேஜ் மட்டும் வருகிறது. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே.

அழகர்சாமி வீல் ஸ்டாண்டை ஜீயபுரத்தில் ஒரு கடைக்காரருக்குக் கொடுக்கப்போகிறானாம். சக்கரத்தை மாட்டிக் கோட்டம் பார்ப்பானே, அந்த ஸ்டாண்ட். இருபத்தாறு வருஷமாக அவன் முழங்காலுக்கு முன்னால் இருந்தது. "கண்ணுல படாம இருந்தா போதும்" என்கிறான். செல்லி அவனிடம் சக்கரத்தில் குற்றமில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். மகள் சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று அவன் நம்புவதில்லை. நீ சொன்னால் நம்புவான். கம்பி விட்டது யார் கோத்தாலும் நடக்கக்கூடியதுதான் என்று எழுது. உன்னால் அது முடியும்தானே?

அப்பா


பெர்கமோ
28.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கம்பி விடவில்லை. அழகர் மாமா கோத்த சக்கரத்தில் ஒரு குற்றமும் இல்லை. நான் பொய் சொன்னேன்.

ஐந்தாம் நாள் பாதி தூரத்தில் ஓர் ஊர் வந்தது. அங்கே ரோடு இரண்டாகப் பிரியும். நடுவில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டுத் திட்டு. நான் முன்னால் போனேன். செல்லி என் பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி வந்தாள். அவ்வளவு நெருக்கத்தில் வந்தால் பின்னால் வருகிறவளுக்கு ரோடு தெரியாது, முன்னால் போகிறவளின் முதுகுதான் தெரியும். அதற்காகத்தான் கை காட்டுவது. அவள் எனக்கு எத்தனையோ ஆயிரம் தடவை காட்டியிருக்கிறாள்.

திட்டை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். கையையும் எடுத்தேன். பாதி வந்த கை திரும்பிப் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. நான் மட்டும் கடைசி நிமிஷத்தில் விலகினேன். பின்னால் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த நேரம் நான் இதுவரை ஓட்டியதிலேயே நல்ல நேரம்.

அவள் விழ வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்காதீர்கள். நானே கேட்டுக்கொண்டுவிட்டேன். எலும்பு உடைய வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் தடுமாறி நின்றால் போதும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்தது, அது எனக்குத் தெரியும். இதை உங்களுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது அப்பா. அம்மா போட்டோவைப் பெரிதாக்கிப் படிப்பாள் என்பது அதைவிடக் கூச்சமாக இருக்கிறது.

சக்கரத்தைக் காட்டிப் பொய் சொன்னது சுலபமாக இருந்தது. மடங்கிக் கிடந்தது, வாய் திறந்து பேசாது. அது அழகர் மாமாவின் கையில் போய் முடியும் என்று யோசிக்கவில்லை. நீங்கள் மார்ச்சில் எழுதிய கடிதத்தைப் படித்த பிறகும் ஒரு மாதம் சும்மா இருந்தேன். அதற்கு என்னிடம் காரணமே இல்லை.

அறிவுமதி மேடத்திடம் நேற்று போனில் சொன்னேன். கை காட்ட வேண்டும் என்று போட்டி விதியில் எங்கும் இல்லை, உன்மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லை என்றார். பிறகு போனை வைத்துவிட்டார். விதியில் இருந்திருந்தால் தண்டனையாவது கிடைத்திருக்கும்.

ஜூன் மூன்றாம் தேதி திருச்சி வருகிறேன். அழைத்துப்போக யாரும் வர வேண்டாம். மாமா ஸ்டாண்டைக் கொடுப்பதற்குள் அவரிடம் சொல்லிவிடுங்கள். அன்று எவ்வளவு சத்தமாகச் சொன்னீர்களோ அவ்வளவு சத்தமாகச் சொல்லுங்கள்.

யாழினி


எடமலைப்பட்டி புதூர்
5.5.2025

யாழினிக்கு,

நானும் அம்மாவும் இருக்கிறோம்.

உன் கடிதத்தை அம்மா முதலில் படித்துவிட்டு என்னிடம் காட்டாமல் ஒருநாள் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கம் போனேன். ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரும் வரும்வரை காத்திருந்தேன். பிறகு கடை வாசலில் நின்று சொன்னேன். "எம் பொண்ணு பொய் சொல்லிட்டா. சக்கரத்துல ஒரு குத்தமும் இல்ல. கை காட்டாம வுட்டது எம் பொண்ணு." யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. காது கேட்காததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

உன் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துப் போயிருந்தேன், அழகர்சாமியிடம் கொடுத்தேன். படித்தான். சாக்பீஸை எடுத்தான், குனிந்தான், எழுதாமல் நிமிர்ந்துவிட்டான். கடிதத்தை உள்ளே செல்லியிடம் கொடுத்துவிட்டு எனக்கு டீ சொன்னான். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஸ்டாண்ட் முன்பே போய்விட்டது. மறுநாள் ஜீயபுரம் போய்க் கடைக்காரரைக் கெஞ்சி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தேன். துடைத்தான். எதையும் அதில் மாட்டவில்லை.

ஃபிளெக்ஸை நானே அவிழ்த்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அந்தக் காலை நேரத்தில் "இன்றைக்கு விடாதே" என்று எழுதி அனுப்பிய கை என்னுடையது. வெட்கம் உனக்கு மட்டும் இல்லை.

ஜூன் மூன்று நான் வருவேன். வர வேண்டாம் என்று எழுதாதே.

அப்பா


கீழ அடையவளஞ்சான் வீதி, ஸ்ரீரங்கம்
12.5.2025

யாழினி,

செல்லக்கிளி எழுதுகிறேன். எலும்பில் பிளேட் வைத்து ஆறு ஸ்குரூ முடுக்கியிருக்கிறார்கள். கையைத் தோள் வரைக்கும் தூக்க முடிகிறது. நீ எப்படி இருக்கிறாய்?

உங்கள் அப்பா கொடுத்த கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உன் கை பாதி வந்து திரும்பியதை நீ எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. எனக்கு முன்னால் இருந்ததே அது ஒன்றுதான். பார்த்தேன்.

"எங்கிட்டயாவது சொல்லக்கூடாதாம்மா?" என்று அப்பா கேட்டார். நீயே சொல்லுவாய் என்று காத்திருந்தேன். சக்கரம் நன்றாக இருந்தது என்பதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது, அவள் சொல்லட்டும் என்று ஒரு வீம்பு. அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு மாதமும் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு அந்த வீம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது என் தப்பு. அதை உன் தலையில் போட மாட்டேன்.

நேற்று அப்பா ஒரு சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிவிட்டார். நிற்கும்வரை பார்த்தார். கம்பியைத் தொடவில்லை. இன்றும் மாட்டியிருக்கிறார்.

மேடத்திடம் சொல்லிவிட்டாய். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டாய். என் அப்பாவிடம் சொல்லச் சொல்லிவிட்டாய். உன் அப்பா வீதிக்கே சொல்லிவிட்டார். நான்கு பக்கக் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன், எனக்கென்று ஒரு வரி இல்லை. என் நம்பர் உன் போனில் இருக்கிறது. மூன்று மாதம் ஆகப்போகிறது.

விழுந்தது நான்டி.

செல்லக்கிளி